நாசரேத்திலிருந்து டவுன் பஸ்

1990-ஆம் வருஷத்து மார்கழியில் பெத்லகேம் எங்கள் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இருந்தது. சாத்தான்குளத்திலிருந்து உடன்குடிப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே தார் ரோட்டை விட்டு நாலு எட்டு வைத்தால் தேரி வந்துவிடும். கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு மணல். அதில் பனையும் உடையும், இடையிடையே கொல்லாமரமும். ஆடிக் காற்றில் மணல்மேடு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. இந்தத் தேரியின் ஒரு நாக்கு எங்கள் பள்ளிக்கூட மைதானம்வரை நீண்டு கிடந்தது. பந்து விளையாடினால் கால் புதையும், வெள்ளைச் சட்டை ஒரே நாளில் காவியாகும். உபயோகமில்லாத இடம் என்று எல்லாரும் திட்டிக்கொண்டிருந்த அந்த மணலில்தான் யூதேயா நாட்டு ஊர் ஒன்று எழும்பியது.

அதற்கு முந்திய வருஷம்வரை எங்களுக்குக் குடில் என்றால் கோயிலுக்குள் இடப்பக்கப் பீடத்தில் வைக்கிற பொம்மைக் குடில்தான். மணிக்கூண்டுப் படிக்கட்டின் அடியில் ஒரு மரப்பெட்டி. டிசம்பர் பிறந்ததும் உபதேசியார் அதைத் திறப்பார். சூசையப்பருக்கு மூக்கு நுனி போயிருக்கும். ராஜா ஒருவரின் ஒட்டகத்துக்கு மூன்று கால்தான். நாலாவது காலுக்கு வைக்கோலை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். இடையன் ஒருவனுக்குத் தலையை அரால்டைட் போட்டு ஒட்டியதில் முகம் லேசாகப் பின்பக்கம் திரும்பிவிட்டது. எல்லாரும் பாலனைப் பார்க்க, அவன் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு அவனைத்தான் பிடிக்கும். அந்த வருஷம் பெட்டியைத் தூக்கியபோது கரையான் அரித்த அடிப்பலகை அப்படியே கழன்று விழுந்தது. மாதா, சம்மனசு, மாடு, ராஜாக்கள் எல்லாம் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புத் துண்டாகக் கிடந்தார்கள். பாலன் சுரூபம் மட்டும் பங்குச்சாமியின் பீரோவில் தனியாக இருந்ததால் தப்பியது.

எங்கள் பங்குக்குப் புதிதாக வந்திருந்த உதவிச் சாமியாரை ஊரில் சின்னச்சாமி என்பார்கள். இருபத்தெட்டு, முப்பது வயதுதான் இருக்கும். கோயில் கமிட்டி கூடி, புது செட்டு வாங்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னாராம்: "பொம்மைதானே உடைஞ்சிருக்கு. ஊர்ல ஆளா இல்ல?"

நாடகம் என்றால் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. பாஸ்காத் திருநாளுக்கு மேடை கட்டி, சீன் இழுத்து, ஜரிகை உடுப்பு வாடகைக்கு எடுத்து நடத்தியவர்கள்தான். சின்னச்சாமிக்கு வேண்டியது வேறு. மேடை கிடையாது, வசனமும் ரொம்பக் கிடையாது. ஊர் ஒன்றைக் கட்டுவோம். சனங்கள் அதற்குள் நடந்து போகட்டும். அதில் இருக்கிறவர்கள் அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பெட்டி முடைகிறவர்கள் பெட்டி முடையலாம். கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதலாம். ஆசாரிக்குத் தச்சுப் பட்டறை. கிணற்றடியில் குடமும் கயிறும். கடைசியில் ஒரு மாட்டுத்தொழுவம். "நீங்க நடிக்கவே வேண்டாம். கைக்கடியாரத்தையும் கண்ணாடியையும் மட்டும் கழத்தி வச்சிட்டு வாங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றினால் பெட்டி முடைய முடியாது என்று சில ஆச்சிமார் மறுத்துவிட்டதால் யூதேயா நாட்டில் சோடாபுட்டிக் கண்ணாடிகள் இருந்தன.

பனைமரத்தைப் பற்றித்தான் முதல் சண்டை வந்தது. மைதானத்தின் ஓரத்தில் ஏழெட்டுப் பனை வரிசையாக நிற்கும். பெத்லகேமில் பனை உண்டா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். அவர் பம்பாயில் மளிகைக்கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர், உலகம் பார்த்தவர். அங்கே ஒலிவமரமும் அத்திமரமும்தான், பேரீச்சைகூட எரிகோ பக்கம் பள்ளத்தில்தான் காய்க்கும் என்றார். சரியான தகவல்தான். மரத்தை மறைக்கக் கித்தான் கட்டலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. உபதேசியார் தாத்தா எழுந்தார். "குருத்தோலை ஞாயித்துக்கு எருசலேம்ல என்ன ஓலையப் புடிச்சாவ? நாம என்ன ஓலையப் புடிக்கோம்? பனங்குருத்துதான? அதுக்கு ஆகிற மரம் இதுக்கு ஆகாதோ?" அதோடு நிற்கவில்லை. வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்த மனுஷர், சூசையப்பர் மேல் 3615 பாட்டில் தேம்பாவணி பாடினாரே, அதில் யூதேயா நாட்டை எப்படிப் பாடினார், தாமரைக் குளமும் நெல் வயலுமாகத் தமிழ்நாடு மாதிரியே பாடினாரா இல்லையா என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் தேம்பாவணியைப் புரட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான். எதிர்த்துப் பேச ஆள் இல்லை. பனைகள் பிழைத்தன.

அரைப் பரீட்சை முடிந்த அன்றே வேலை ஆரம்பித்துவிட்டது. மலைகள் செய்ததை இன்றைக்கும் என்னால் படிப்படியாகச் சொல்ல முடியும். முதலில் உடைமரக் கொப்புகளையும் மூங்கிலையும் கட்டி எலும்புக்கூடு. பிறகு தேரி மணலையும் குளத்துக் களிமண்ணையும் சாணியோடு சேர்த்து, உளுந்து மாவு பதத்துக்குக் கரைத்து, அதில் பழைய சாக்குகளை முக்கி எடுக்க வேண்டும். ஈரச் சாக்கை இரண்டு பேர் பிடித்து, பிழியாமல், கொப்பின் மேல் சட்டென்று போட வேண்டும். போட்டபின் இழுத்து நேராக்கக் கூடாது. அது எப்படி விழுந்ததோ அப்படியே விட்டால்தான் பாறை. நேராக்கினால் சாக்கு. ஒரு வெயில் காய்ந்ததும் விரலால் தட்டினால் டொக்கென்று கேட்கும். காய்ந்த மலையின் இடுக்குகளில் ஈர மண் அப்பி, கேழ்வரகும் நெல்லும் விதைத்தோம். தினமும் காலையில் தண்ணீர் தெளிப்பது சின்னப் பிள்ளைகள் பொறுப்பு. திருநாளுக்கு முந்திய வாரம் நல்ல வடகிழக்கு மழை ஒன்று பெய்து பாதி மலை கரைந்து, கோயில் வாசல்வரை ரத்தச் சிவப்பாக ஓடியது. மறுநாள் ஊரே வந்து சாக்கு முக்கியது. பயிர் மட்டும் அந்த மழையில் ஒரு விரல் உயரம் கூடிவிட்டது.

வீடுகளுக்குச் சுவர் பச்சைக்கல், கூரை பனையோலை. ஊருக்குள் போக ஒரே வாசல். அதைச் சின்னச்சாமி என் உயரத்துக்கும் குறைவாக வைக்கச் சொன்னார். பெத்லகேமில் பிறப்பிடக் கோயிலின் வாசல் அப்படித்தான் இருக்கிறதாம், நாலடி உயரம்தானாம், யாரானாலும் குனிந்துதான் போக வேண்டுமாம். குதிரையோடும் வண்டியோடும் உள்ளே புகுந்துவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் சுருக்கிக் கட்டியது என்பார்கள். எங்கள் வாசலில் கொஞ்சம் கனத்த சரீரக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்க்கவே பிள்ளைகள் அங்கே கூட்டம் போட்டோம்.

குனிந்து நிமிர்ந்ததும் எதிரே கணக்கெடுப்புச் சாவடி. எனக்கு அங்கேதான் வேலை.

அகுஸ்து ராஜா குடிக்கணக்கு எடுக்கச் சொன்னதால்தானே சூசையப்பரும் மாதாவும் பெத்லகேமுக்குப் போனார்கள். அதனால் யார் உள்ளே வந்தாலும் முதலில் பெயரைப் பதிய வேண்டும் என்பது சின்னச்சாமியின் ஏற்பாடு. ரோமாபுரி அதிகாரியாக உட்கார்ந்தவர் எங்கள் ஐந்தாம் வகுப்பு சார். அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. அடுத்த வருஷம் 1991. தேசத்தில் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிற வருஷம். அதற்கு முன்னோட்டமாக அந்த வருஷம் வீடுகளுக்கு எண் போட்டுப் பட்டியல் எடுத்தபோது எங்கள் ஊர்க் கதவுகளில் காவி வர்ணத்தில் எண் எழுதிக்கொண்டு போனவர் அவர்தான். எந்த வீட்டில் எத்தனை அறை, கூரை ஓலையா ஓடா என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெத்லகேம் கட்டி முடிந்ததும் அவர் செய்த முதல் வேலை, அந்த ஓலை வீடுகளுக்கும் காவியில் எண் போட்டதுதான். தொழுவத்துக்கும் போட்டார். "மனுசர் தங்குத கட்டடம்னா நம்பர் உண்டு" என்று சொல்லிவிட்டார்.

அவர் முன்னால் நீளக் கணக்கு நோட்டு, பக்கத்தில் பிரில் இங்க் புட்டி. ஹீரோ பேனாவின் மேல் ஒரு சேவல் இறகை நூலால் கட்டி வைத்திருந்தார். அந்த இறகு வளையாமல் பார்த்துக்கொள்வதும், பேனாவில் மை தீர்ந்தால் ஊற்றிக் கொடுப்பதும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பதும் நான். இரண்டு பக்கமும் ரோமைச் சேவகர்களாக வாலிபால் டீம். பிளாஸ்டிக் குடத்தைப் பாதியாக வெட்டி, சில்வர் பெயிண்ட் அடித்து, உச்சியில் வாரியல் குச்சி செருகிய தலைக்கவசம். சாருக்கோ ராஜ உத்தியோகஸ்தருக்கான உடுப்பு எதுவும் தேவைப்படவில்லை. பார்வை போதும்.

"பேரு?"

"என்ன சார், தெரியாத மாதிரி கேக்கிய?"

"பேரு?"

பெயரைச் சொல்வார்கள். தகப்பன் பெயர், சொந்த ஊர், தொழில். ஒன்றையும் விடமாட்டார். சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய மளிகைக்கடைப் பையன்கள், பம்பாயிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அவர்கள் திருநாளுக்கு வந்தவர்கள். ஆனால் சார் கேட்கிற தோரணையில், அகுஸ்து ராஜா கட்டளை போட்டுத்தான் தாராவியிலிருந்து ஓடி வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். சொந்த ஊர் என்று கேட்டதும் ஆண்பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பெண்கள்தான் நிற்பார்கள். "பொறந்த ஊரா சார், கெட்டிக் குடுத்த ஊரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கு லூக்கா நற்செய்தியில் விதி எதுவும் இல்லை. சார் கொஞ்சம் யோசித்து, "நீங்க எத சொந்த ஊருன்னு நெனைக்கியளோ அத" என்பார். நான் அந்த மேஜைக்குக் கீழே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் முப்பது நாற்பது வருஷம் குடியிருந்த பெரியம்மைமாரும் சித்திமாரும் ஒருத்தி மிச்சமில்லாமல் பிறந்த ஊரைத்தான் சொன்னார்கள். அதுவரை அவர்கள் எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் என்றே நினைத்திருந்தேன்.

என் அம்மாவின் முறை வந்தது. அம்மா பிறந்தது நாசரேத். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அது பாலஸ்தீனத்தில் இல்லை. திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதையில் இருக்கிறது. சாண்பத்து என்று இருந்த ஊருக்கு மிஷனரிகள் வைத்த பெயர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மர்காஷிஸ் ஐயர் காலத்துக் கட்டடங்கள் எல்லாம் உள்ள பெரிய ஊர். எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ் உண்டு. அம்மா வீட்டார் சி.எஸ்.ஐ. சபை; எங்கள் வீட்டுக்கு வந்தபிறகுதான் ஜெபமாலை பிடித்தாள். சுரூபங்களின் முன்னால் முழங்கால் போடுவதில் அவளுக்குக் கடைசிவரை ஒரு சங்கடம் இருந்தது. அதனாலோ என்னவோ, பொம்மைகள் உடைந்துபோய் மனுஷர் நிற்கிற இந்தக் குடிலை அவள் ரொம்ப உற்சாகமாகப் பார்க்க வந்திருந்தாள்.

"சொந்த ஊரு?"

"நாசரேத்து."

சார் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நாசரேத்திலிருந்தா வாரிய? அப்ப மாப்பிள்ளைக்குத் தச்சு வேலையா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மாவுக்குப் பின்னால் ஏழெட்டு ஆள் தள்ளி உண்மையான மாதாவும் சூசையப்பரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் ஒவ்வொரு ராத்திரியும் மற்றவர்களைப் போலவே நின்று பெயர் பதிய வேண்டும். அது சாரின் பிடிவாதம். சூசையப்பராக நின்றவர் நிஜமாகவே தச்சு வேலை செய்கிறவர். தொழில் என்ன என்று கேட்டதும் "தச்சு" என்பார். "கூலிக்கா, சொந்தப் பட்டறையா?" என்று சார் கேட்பார். அவர் ஒரு நாள் கூலிக்கு என்பார், மறுநாள் சொந்தம் என்பார். "நேத்து ஒரு கணக்கு, இன்னைக்கு ஒரு கணக்கு சொன்னா ராயர் ஒத்துக்கிட மாட்டாரு" என்பார் சார். பின்னாளில் படித்தபோது தெரிந்துகொண்டேன். ரோமாபுரி ஆளுநர் குரேனியு எடுத்த அந்தக் கணக்கு கி.பி. 6-இல்தான் நடந்தது, ஏரோது ராஜா செத்ததோ கி.மு. 4-இல், இரண்டையும் ஒரே கதைக்குள் எப்படிப் பொருத்துவது என்று வரலாற்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எங்கள் சார் கையில் கொடுத்திருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது.

மாதாவாக நின்ற அக்கா தெற்குத் தெரு. அவளுக்கு வேறு நெருக்கடி. எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். வாரக் கணக்கைக் கடையில் ஒப்படைத்தால்தான் காசு, திருநாள் வாரத்தில் காசு எல்லாருக்கும் வேண்டும். இரண்டு ராத்திரி பெத்லகேமில் நின்றதில் அவளுக்குக் கணக்குக் குறைந்துவிட்டது. மூன்றாம் ராத்திரி நீல முக்காட்டுக்கு உள்ளே சொளவையும் இலையையும் தூளையும் கொண்டுவந்துவிட்டாள். தொழுவத்தில், ஓலைத் தட்டிக்குப் பின்னால், அரிக்கேன் வெளிச்சத்தில் விரல் பறக்கிறது. கூட்டம் வருகிற சத்தம் கேட்டால் சொளவு வைக்கோலுக்குள் போகும், கை கூப்பும். ஒருநாள் சின்னச்சாமி பின்பக்கமாக வந்து பார்த்துவிட்டார். நாங்கள் பயந்துபோய் நின்றோம். அவர் குனிந்து, "தொட்டிக்குள்ள தூள் விழாமப் பாத்துக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆடு பக்கத்து ஊர்க் கோனாருடையது. ஐம்பது அறுபது செம்மறி. அவர் கோயில்காரர் இல்லை, சுடலைமாடசாமிக்குக் கொடை கொடுக்கிறவர். ராத்திரி ஆட்டோடு வயல்வெளியில் படுத்துக்கிடப்பதுதான் அவர் பிழைப்பே என்பதால், இடையர்களுக்கு வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. கம்பளியும் தொரட்டியுமாக வந்து, தேரிப் பக்கம் ஆட்டை மடக்கிப் போட்டார். கதையை முழுக்கக் கேட்டுக்கொண்டபின் அவர் கேட்ட ஒரே கேள்வி: "மார்கழிப் பனியில எவன் ஆட்டை வெட்டவெளியில போடுவான் சாமி? அது நம்மூருக்குச் சரி. அவுக ஊரு மலையூருன்னியளே, குளிரு இன்னும் சாஸ்தியா இருக்குமே." சின்னச்சாமி சிரித்தார். எந்த மாதம் என்று லூக்கா எழுதவில்லை என்றும், டிசம்பர் 25 என்பது அதற்கு முந்நூறு வருஷம் கழித்து ரோமாபுரிக்காரர்கள் குறித்த தேதி என்றும் சொன்னார். கோனார் தலையாட்டினார். தன் தொழில் விஷயத்தில் தான் சொன்னது சரி என்று தெரிந்ததில் அவருக்குத் திருப்தி.

சம்மனசுதான் இந்தக் கதையில் உச்சம். வானத்திலிருந்து எப்படி வரும்? கிணற்றுக் கப்பியில் கயிறு கட்டிப் பொம்மையை இறக்கலாம் என்று ஒரு யோசனை. அதைவிட நல்ல யோசனை கையிலேயே இருந்தது. பதநீர்ப் பருவம் தொடங்க இன்னும் நாள் இருந்தது. பனையேறிகள் சும்மா இருந்தார்கள். அவர்களில் ஒருவர், எனக்குப் பெரியப்பா முறை, வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, முருக்குத்தடியைச் சாய்த்து, தளைநாரில் கால் கோத்து, இருட்டுக்குள்ளேயே ஏறி, மட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவார். இடுப்பில் அரிவாள் பெட்டி தொங்குகிற இடத்தில் எவரெடி டார்ச். ஆட்கள் கிடைக்குப் பக்கத்தில் வந்ததும் டார்ச்சைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டு பேச வேண்டும். கழுத்தில் மைக். மரத்தடியில் ஒலிபெருக்கிக் குழாய்.

ஒத்திகை அன்று ஒலிபெருக்கி ஒரு தடவை கரகரத்து, "பயப்பட" என்றதுதான் தாமதம், அறுபது ஆடும் எழுந்து ஓட்டம் பிடித்தன. கடைத்தெரு வழியாகப் புகுந்து, ஓலைப்பெட்டிகளை மிதித்து, கணக்குச் சாவடியைத் தள்ளி, மலையில் நாங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த பயிரில் பாதியைப் போகிற போக்கில் மேய்ந்துவிட்டுத் தேரிக்குள் மறைந்தன. சேவகர்கள் கவசத்தோடு துரத்தினார்கள். கோனார் விடியற்காலையில்தான் எல்லாவற்றையும் மடக்கிக் கொண்டுவந்தார். வந்ததும் சொன்னார்: "அந்தக் கொழாய் இருந்தா என் ஆடு வராது." மைக் செட் திரும்பிப் போனது.

அதனால் பெரியப்பா வெறும் தொண்டையில் பேசினார். பனையேறிகளுக்கு அது பழக்கம். ஒரு மரத்து உச்சியிலிருந்து நாலு விளை தள்ளி இன்னொரு மரத்தில் இருக்கிறவரோடு, தீப்பெட்டி வேண்டும், சுண்ணாம்பு வேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். கத்துகிற மாதிரி இருக்காது, கடைசி எழுத்தை நீட்டி விடுவார்கள், அது காற்றில் மிதந்து போகும். சின்னச்சாமி எழுதிக் கொடுத்த செந்தமிழ் வசனம் மேலே ஏறியதும் அவருக்கு மறந்துபோய்விட்டது. தலைக்கு மேல், இருட்டில், அறுபதடி உயரத்தில், ஒரு முகம் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. "பயப்படாதியோ! நல்ல சேதிதான் கொண்டாந்திருக்கேன்! மாட்டுத் தொழுவுல போயிப் பாருங்கோ!" ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோட்டன. அவற்றுக்கு அந்தச் சத்தம் தெரியும். தினமும் கேட்கிறதுதான். திருச்சியிலிருந்து திருநாளுக்கு வந்திருந்த ஒரு மாமி மட்டும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

தொழுவத்தில் தொட்டியைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. சூசையப்பராக நின்ற ஆசாரி, கிறிஸ்துமஸ் கார்டில் பார்த்தபடி பெருக்கல் குறி போட்ட கால்களோடு அழகாக ஒரு மரத்தொட்டி செய்திருந்தார். எங்கள் ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, "இதுல மாடு தண்ணி குடிச்சாப்புலதான்" என்றாள். ஒரு முட்டு முட்டினால் சாய்ந்துவிடும் என்று அவள் சொன்னதில் தப்பில்லை. "தச்சனுக்கே தொட்டி செய்யத் தெரியாதுன்னா சூசையப்பரா வேற ஆளப் பாருங்க" என்று ஆசாரி கோபித்துக்கொண்டார். கடைசியில் மரத்தொட்டி பட்டறைக்குப் போய், எங்கள் வீட்டுக் கல்தொட்டி மாட்டுவண்டியில் வந்தது. பாலஸ்தீனத்தில் கல்லைக் குடைந்துதான் தீவனத் தொட்டி செய்தார்கள் என்றும், மெகிதோ அகழாய்வில் அப்படிப்பட்டவை கிடைத்திருக்கின்றன என்றும் ரொம்ப காலம் கழித்து ஒரு படத்தோடு படித்தேன். எங்கள் தொட்டியேதான். ஆச்சியிடம் காட்ட அவள் இல்லை.

இருபத்துநாலாம் தேதி நடுச்சாமப் பூசைவரை அந்தத் தொட்டி காலியாகவே இருந்தது. வைக்கோல் மட்டும். பெயர் பதிந்து, சந்தையில் பெட்டி விலை கேட்டு, கொல்லனிடம் அரிவாள் தீட்டிக்கொண்டு, சம்மனசைக் கேட்டுவிட்டு வந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம். "பிள்ளைய எங்க?" என்பார்கள். "இன்னும் பெறக்கல" என்பாள் மாதா. பாலனைப் பார்க்காமல் போனால் குடில் பார்த்ததாக ஆகாது என்பதால் அவ்வளவு பேரும் நடுச்சாமத்துக்கு மறுபடி வந்தார்கள். பங்குச்சாமி பீரோவிலிருந்த சுரூபத்தைப் பட்டுத்துணியில் ஏந்திக்கொண்டு கோயிலிலிருந்து நடந்துவந்து, அவரும் குனிந்து உள்ளே நுழைந்து, சாவடியில் நின்றார். சாருக்கு ஒரு கணம் கை ஓடவில்லை. பிறகு எழுந்து நின்றுகொண்டே எழுதினார். நான் பார்த்தேன். தொழில் என்கிற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார், கைக்குழந்தைகளுக்குப் போடுகிற மாதிரி.

திருநாள் கழிந்து எல்லாவற்றையும் பிரித்தபோது பெரிய தள்ளுமுள்ளு வைக்கோலுக்குத்தான். ஆளுக்கு ஒரு பிடி. ஆச்சி தன் பங்கைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டுவந்து, சினையாக இருந்த எங்கள் மாட்டுக்குக் கொடுத்தாள். மந்திரவாதம் என்று அம்மா முணுமுணுத்தாள். பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் முதன்முதலாக ஒரு மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் வைத்து ராத்திரிப் பூசை நடத்திய கதையைத் தொமாஸ் செலானோ சில வருஷத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அங்கேயும் பொம்மை கிடையாது, தொட்டி காலி. பூசை முடிந்ததும் ஊர்க்காரர்கள் அந்த வைக்கோலை எடுத்து வைத்துக்கொண்டார்களாம், நோய்ப்பட்ட ஆடுமாட்டுக்குக் கொடுத்தார்களாம், குணமானதாம். ஆச்சி தொமாஸ் செலானோவைப் படித்தவள் இல்லை.

இப்போது கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கம் போடுகிற குடில்களைப் பார்க்கிறேன். மோட்டாரில் ஆறு ஓடுகிறது, ஃபைபர் ஒட்டகம் தலையாட்டுகிறது, நட்சத்திரம் கம்பியில் நகர்ந்து வந்து நிற்கிறது, போட்டியில் பரிசும் உண்டு. திறமையான வேலைதான், சில இடங்களில் இரண்டு தரம் சுற்றி வந்திருக்கிறேன். ஆனாலும் உள்ளே போய் வெளியே வருகிறவரை என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சிசிலித் தீவில் குஸ்தொனாச்சி என்ற ஊரில், முன்பு சனங்கள் குடியிருந்த ஒரு மலைக்குகைக்குள், வயசாளிகள் உட்கார்ந்து கூடை முடைந்தும் மாவரைத்தும் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள் என்று படம் பார்த்தபோது, அந்த ஆச்சிமாரில் ஒருத்தி கண்ணாடி போட்டிருக்கிறாளா என்றுதான் தேடினேன்.

1991 பிப்ரவரியில் நிஜக் கணக்கெடுப்பு வந்தது. அதே சார், அதே ஹீரோ பேனா, இறகு மட்டும் இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் அரசாங்கப் படிவத்தை விரித்துவைத்துக்கொண்டு, பேரு என்று ஆரம்பித்தார். ஆச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கிறிஸ்மஸுக்குத்தான எல்லாத்தையும் எழுதிட்டுப் போன? மறுபடி என்னத்துக்கு?"

"அது ரோமாபுரி ராஜாவுக்கு, ஆச்சி. இது டில்லிக்கு."

"அப்ப அந்த நோட்டப் பாத்து எழுதிக்க" என்று சொல்லிவிட்டு ஆச்சி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். சார் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் கோயில் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் பக்கத்தைப் புரட்டி, ஆச்சியின் பெயர், பிறந்த ஊர், தொழில் எல்லாவற்றையும் அதிலிருந்தே பார்த்து இந்திய அரசாங்கத்தின் படிவத்தில் எழுதிக்கொண்டார்.